கண்டதை எழுதுக



விழா மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த கடிதத்தில், விரும்பிய பொருள்பற்றி எழுதலாம் என்று மலர்க் குழுவினர் குறித்திருந்தனர். விடுதி வாழ்வையும், விளையாட்டுத் திடலையும், ஆளாக்கிய ஆசான்களையும் நினைந்து எழுதுவார் இம்மலரிற் பலர் உளர். யாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. செயற்கை நுண்ணறிவு பற்றிப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதி அனுப்ப விரும்பும் எம் இளைஞர் அதனை எவ்வாறு செய்தல் வேண்டும் என்பதே அது. விழா மலருக்கு ஒவ்வாத பொருள் என்று கருதுவோர் சற்றே பொறுத்தருள்க. மலையகத்துத் தமிழாசிரியன் ஒருவனுக்கு இது தொழில்பற்றிய கேள்வி மட்டுமன்று, மானம்பற்றிய கேள்வியுமாகும்.

எம்மிடம் பயின்றோர் பலர் இக்கேள்வியுடன் எம்மை நாடி வருகின்றனர். ஒருவர் ஹட்டன் நகரிற் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறார். ஒருவர் கொழும்பிற் புடைவைக் கடையொன்றிற் கணக்கெழுதுகிறார். இன்னொருவர் கட்டார் நாட்டிலிருந்து இரவு வேளையில் அழைக்கிறார். எல்லோரும் கேட்பது ஒன்றே: "சேர், ஏ.ஐ. பற்றி எழுதினால் பத்திரிகையிற் போடுவார்களா? ஏதாவது காசு கிடைக்குமா?" கேள்வியின் இரண்டாம் பாதியைக் கேட்டு முகஞ்சுளிப்போர் உண்டு. யாம் சுளிப்பதில்லை. உழைப்புக்குக் கூலி கேட்பது எம் மக்கள் நூறாண்டுக்கு மேலாகக் கற்று வந்த பாடம். முதற் பாதிக்கு விடை கூறுமுன், எமது தோல்வியொன்றைச் சொல்லிவிடுதல் முறையாகும்.

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி என்னும் உரையாடற் கருவி உலகிற்கு வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டில் எங்கும் அதே பேச்சு. யாமும் "செயற்கை நுண்ணறிவு: வரமா, சாபமா?" என்று தலைப்பிட்டு ஆறு பக்கக் கட்டுரையொன்றை யாத்துத் தலைநகர்ப் பத்திரிகையொன்றுக்கு அனுப்பினோம். மூன்று மாதம் ஒரு சொல்லும் வரவில்லை. பொறுமையிழந்து தொலைபேசியில் அழைத்தோம். மறுமுனையிற் பேசிய உதவி ஆசிரியர் மரியாதையாகவே பேசினார். "சேர், இதே தலைப்பில் இந்த மாதம் மட்டும் பதினொரு கட்டுரைகள் வந்திருக்கின்றன. உங்கள் கட்டுரையில் பிழை இல்லை. ஆனால் நீங்கள் ஹட்டனிலிருந்து எழுதுகிறீர்கள். கட்டுரையில் ஹட்டன் எங்கே இருக்கிறது?" என்றார்.

அன்று முழுதும் எமக்குச் சினம் அடங்கவில்லை. மறுநாட் காலை, எம்மிடமிருந்த பிரதியை எடுத்து, மாணவன் கட்டுரையைத் திருத்துமாப்போல் சிவப்பு மையுடன் படித்தோம். ஆறு பக்கத்தில் யாம் கண்ணாற் கண்ட செய்தி ஒன்றேனும் இல்லை. யாம் ஒருவரிடமேனும் ஒரு கேள்வி கேட்டிருக்கவில்லை. மூன்று பத்திரிகைத் துணுக்குகளையும் ஒரு சொற்பொழிவையும் ஒன்றாய்ப் பிசைந்து, முன்னுரை, முடிவுரை என்னும் இரு மூடிகளால் அடைத்து வைத்திருந்தோம்.

பின்னர் அதே தலைப்பை ஒரு கணினிக் கருவியிடமே கொடுத்துப் பார்த்தோம். ஒரு நிமிடத்தில் எமது கட்டுரையின் உடன்பிறப்பொன்றை அது எழுதித் தந்தது. இதில் மந்திரம் யாதுமில்லை. உலகில் அச்சாகியும் கணினியில் ஏறியும் உள்ள எழுத்துக்களைக் கோடிக்கணக்கிற் படிப்பித்து, ஒரு சொல்லின் பின் எச்சொல் வருதல் இயல்பு என்று கணித்துக் கணித்துத் தொடுக்குமாறு அக்கருவியை அமைத்துள்ளனர். எல்லோரும் எழுதியதன் சராசரியை அது செவ்வனே எழுதும். யாமும் அச்சராசரியையே எழுதினோம்; அதற்கு ஒரு நிமிடம், எமக்கு இரண்டு வாரம். வேறுபாடு அவ்வளவே.

இந்த இடத்தில் ஆசிரிய குலத்தின் குற்றமொன்றையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். பயிற்றப்பட்ட ஆசிரியராய் வெளிவந்த நாள் முதல், சாதாரண தரப் பரீட்சைக்கு யாம் கற்பித்தது மாதிரிக் கட்டுரை மனனம். "மழைக்கால இரவு", "நூலகத்தின் பயன்", "நான் ஒரு பழைய குடை" என்று பத்துக் கட்டுரைகளை உருப்போட்டவன் ஒன்றையேனும் எழுதிச் சித்தியடைவான் என்பதே எமது நம்பிக்கை. லயத்துக் கூரையின் தகரத்தில் மழை கொட்டும் ஓசையை நாள்தோறும் கேட்டுறங்கும் பிள்ளை, பரீட்சைத் தாளில் தான் ஒருநாளும் காணாத மாளிகையின் சாளரத்தருகே நின்று மழையை வருணித்தது. யாம் அதற்குப் பதினைந்துக்குப் பன்னிரண்டு புள்ளி வழங்கினோம். இன்று இயந்திரம் வந்து அவ்வகைக் கட்டுரையின் விலையை ஒரு காசாக்கிவிட்டது. அதற்காக இயந்திரத்தை நோதல் தகாது.

இனி, இயந்திரம் எங்கே இடறுகிறது என்பதைக் காண்போம். சென்ற ஆண்டு எம் பழைய மாணாக்கர் ஒருவர், "தேயிலைத் தோட்டமும் செயற்கை நுண்ணறிவும்" என்று தாம் அனுப்பவிருந்த கட்டுரையொன்றைக் கொணர்ந்து காட்டினார். நடை வழுவழுப்பாயிருந்தது. நடுவில் ஓரிடத்தில், தோட்டத் தொழிலாளர் தம் பெயரைச் சுருக்கி எழுதும் வழக்கத்துக்கு "அரைப்பேர்" என்று பெயர் என எழுதப்பட்டிருந்தது! அன்பர்களே, அரைப்பேர் யாதென்று தோட்டத்திற் பிறந்தார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. நாளொன்றுக்குக் குறித்த நிறைக் கொழுந்து குறைந்தால், முழு நாட்சம்பளம் இன்றிப் பாதியே விழுதல் அது. பாட்டியும் தாயும் அரைப்பேர் விழுந்த நாட்களில் அடுப்படியில் அழுததைக் கண்டு வளர்ந்தவர் அம்மாணாக்கர். "இதை நீயா எழுதினாய்?" என்றோம். அவர் தலைகவிழ்ந்தார். கட்டுரையைக் கருவி எழுதியதென்பதைவிட, அவர் அதைப் படித்தும் பாராமல் அனுப்ப இருந்தார் என்பதே எம்மை வருத்தியது.

கருவி பிழை செய்ததற்குக் காரணம் எளிது. பெரட்டு, கவ்வாத்து, முள்ளுக்குத்து, கைக்காசு, அரைப்பேர் முதலாய சொற்கள் எம் மக்கள் வாயில் ஒன்றரை நூற்றாண்டு வாழ்ந்திருப்பினும், அச்சில் ஏறியது மிகக் குறைவு. அச்சிலில்லாததை அது அறியாது. அறியாததை அறியேன் என்று சொல்லும் வழக்கமும் அதற்குக் குறைவு. ஆகவே ஊகித்து நிரப்புகிறது. எம்மைப்பற்றி யாம் எழுதாது விட்ட வெற்றிடத்தில் அதன் ஊகம் வந்து அமர்ந்துகொள்கிறது. நாளை வேறொருவர் அதனையே மெய்யென்று எடுத்தெழுதுவர்; அடுத்த கருவி அதனையும் கற்றுக்கொள்ளும். இதுவே எமது அச்சம்.

இது தோட்டத்துக்கு மட்டும் நேர்ந்த இடர் அன்று. 2023 பெப்ரவரியில், அமெரிக்க விஞ்ஞானப் புனைகதைச் சஞ்சிகையான கிளார்க்ஸ்வேர்ல்ட், கருவிகள் யாத்த கதைகள் ஒரே மாதத்தில் ஐந்நூறுக்கு மேல் வந்து குவிந்தமையால், புதிய படைப்புகளை ஏற்பதையே சிலகாலம் நிறுத்தி வைத்தது. 2025 மே மாதத்தில் சிக்காகோ சன்-டைம்ஸ் பத்திரிகையின் இணைப்பிதழொன்றில், கோடைகாலத்திற் படிக்கத்தக்க 15 நூல்களின் பட்டியல் வெளியாயிற்று. அவற்றுள் 10 நூல்கள் உலகில் இல்லாதவை. கூலிக்கு எழுதிக் கொடுத்தவர் கருவியை நம்பிச் சரிபாராது விட்டமையே காரணம்.

இவற்றினும் எமக்குப் பாடமாவது அதே ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த செய்தி. மார்கோ பிளான்சார்ட் என்னும் பெயரில் ஒருவர் பல பத்திரிகைகளுக்கு, "இன்ன பொருள்பற்றி எழுதித் தருகிறேன்" என்று முன்மொழிவுக் கடிதங்கள் அனுப்பி வந்தார். வயர்ட், பிசினஸ் இன்சைடர் போன்ற பெயர்பெற்ற ஏடுகளும் அவர் கட்டுரைகளை வெளியிட்டன. பிரித்தானியாவின் டிஸ்பாட்ச் என்னும் ஏட்டின் ஆசிரியருக்கு, கொலராடோ மாநிலத்தில் கைவிடப்பட்ட சுரங்க ஊராகிய கிரேவ்மாண்ட் பற்றி எழுதுவதாகக் கடிதம் வந்தது. அவர் தேடிப் பார்த்தார். அப்படியோர் ஊரே இல்லை. பிரஸ் கெசற் என்னும் ஏடு இதனை ஆராய்ந்து வெளியிட்டது; அப்பெயரில் வந்த கட்டுரைகள் பல அகற்றப்பட்டன. இல்லாத ஊரைப்பற்றி இல்லாத ஒருவர் எழுத முன்வந்தார். நன்கு எழுதப்பட்ட கடிதமாதலின் பலர் நம்பினர்.

இதனால் விளைந்தது யாது? இன்று ஒவ்வொரு பத்திராதிபரும் அறியாத பெயரிலிருந்து வரும் கடிதத்தை ஐயத்துடன் திறக்கிறார். அவ்வையத்தால் முதலில் அடிபடுவோர் அறிமுகமற்றோரே. தலவாக்கலையிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் முதன்முதல் எழுதும் எம் பிள்ளைகள் அறிமுகமற்றோர். எனவே, "இவர் மெய்யாகவே இருக்கிறார், இவர் சொல்லும் ஊரும் இருக்கிறது, இவர் அங்கே சென்றிருக்கிறார்" என்பதைக் கடிதத்தின் முதல் நான்கு வரியில் நிறுவுதல் வேண்டும். அதற்கு அலங்கார நடை உதவாது. கண்ட செய்தியே உதவும்.

"கண்டதையும் எழுதாதே" என்று மாணவரைக் கடிந்திருக்கிறோம். வாய்க்கு வந்ததெல்லாம் எழுதாதே என்பது அதன் பொருள். இன்று அதே சொல்லை மற்றைப் பொருளிற் கொண்டு, "கண்டதை எழுது" என்று சொல்ல விரும்புகின்றோம்.

எமது மலைநாட்டு எழுத்தின் பிறப்பே அவ்வாறு அமைந்தது. கோ. நடேசய்யர் தஞ்சையிலிருந்து வந்தவர். அந்நியர் தோட்டத்துள் நுழைய இயலாத அக்காலத்தில், புடைவை வியாபாரி போல் வேடம் பூண்டு லயங்களுக்குட் சென்று தொழிலாளர் நிலையை நேரிற் கண்டறிந்தவர் அவர். 1920களில் தேசநேசன், தேசபக்தன் ஆகிய பத்திரிகைகளை நடத்தி, 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார். மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். எம் மக்களின் வாய்ப்பாடல்களைக் கேட்டுக் கேட்டுத் திரட்டி நூலாக்கி வைத்துச் சென்றவரும் அவரே. அவர் கேட்டு எழுதியிராவிடின் அப்பாடல்களிற் பல பாடினோரோடு மண்ணிற் போயிருக்கும். இவர்கள் வழிவந்தோர் நாம். கருவி வாசலில் நிற்கும் இந்நாளில் அவ்வழியை விடுதல் தகுமோ?

"சேர், ஏ.ஐ.யைப் பற்றி மலையில் என்ன காண இருக்கிறது?" என்று கேட்பர். நிரம்ப இருக்கிறது. சிலவற்றைச் சுட்டுகிறோம்.

தேயிலைத் தொழிற்சாலைகளில் தண்டையும் நாரையும் தூளினின்று பிரிக்கும் வேலையைப் பெண்கள் கையாற் செய்த காலமுண்டு. இன்று பல தொழிற்சாலைகளில் ஒளிக்கண் கொண்டு நிறம் பிரிக்கும் பொறிகள் அதனைச் செய்கின்றன. உமது தொழிற்சாலையில் உள்ளது கற்றுக்கொள்ளும் பொறியா, வெறுமனே நிறத்தை அளக்கும் பொறியா என்று வினவுக. விற்பவர் ஒட்டிய பெயரை அப்படியே எழுதற்க. முன்பு பிரித்த பெண்கள் இப்பொழுது எவ்வேலையில் உள்ளனர் என்றும் கேட்க.

கொழுந்து நிறுக்கும் இடத்திற்குச் செல்க. சில தோட்டங்களில் இலக்கமுறைத் தராசு வந்துள்ளது. சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பது எவ்வளவு? அத்தொகையை முடிவு செய்பவர் யார்? எண் பிழையென்று கருதும் பெண் யாரிடம் முறையிடுவாள்? தராசு செயற்கை நுண்ணறிவு அன்று. ஆயினும் அதில் திரளும் கணக்கே நாளை அந்நுண்ணறிவுக்கு உணவாகும். தனியாள் தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் உண்டு. அச்சட்டம்பற்றி லயத்தில் அறிந்தவர் எத்தனை பேர் என்று கேட்டறிதலே ஒரு கட்டுரை.

உமது பாட்டியின் பேச்சைக் கைத்தொலைபேசியிற் பதிந்து, அதனை எழுத்தாக்குமாறு கருவியிடம் கொடுத்துப் பாரும். பத்து வாக்கியங்களில் எத்தனை சரி, எத்தனை பிழை என்று எண்ணி எழுதும். இதற்குப் பணமும் வேண்டா, பட்டமும் வேண்டா. வேறெவரும் எழுத இயலாத கட்டுரை அது.

இன்னொன்று உயிர்பற்றியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி எம் நாட்டைத் தாக்கி 600க்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றது; மலைநாட்டு மண்சரிவுகளில் மாண்டவர் பலர். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் வழங்குகிறது. செம்மஞ்சள் வெளியேற ஆயத்தமாயிருக்கச் சொல்வது. சிவப்பு உடனே வெளியேறச் சொல்வது. பிறமொழியில் வரும் அறிவித்தலைக் கைத்தொலைபேசியிலுள்ள மொழிபெயர்ப்புக் கருவியில் இட்டுப் படிக்கும் குடும்பங்கள் எம்மிடையே உண்டு. "ஆயத்தமாயிரு" என்பதும் "வெளியேறு" என்பதும் ஒன்றோடொன்று மாறிவிட்டால் யாது நேரும்? பழைய எச்சரிக்கைகளை எடுத்து அக்கருவிகளில் இட்டு, வந்த தமிழைச் சரிபார்த்து எழுதுவார் வேண்டும். அதனை எழுதத்தக்கவர் சரிவின்கீழ் உறங்குவோரேயன்றி வேறு யார்?

இவற்றை எழுதுங்கால் இரண்டு கடமைகளை மறவற்க. தோட்டத்திற் பேசுவோர்க்கு நாளைய வேலையும் இருப்பிடமும் தோட்டத்தின் கையில் உள்ளன. ஆதலின் அவர் இசைவின்றிப் பெயரையும் படத்தையும் வெளியிடற்க. அவ்வாறே, முகாமையாளரிடமும் சென்று அவர் தரப்பைக் கேட்டு எழுதுக. ஒரு பக்கம் மட்டும் கேட்டெழுதுவது அரைப்பேர் வேலை.

கடிதம் எழுதும் முறையையும் சொல்லிவிடுகிறோம். முழுக் கட்டுரையையும் எழுதி "பிரசுரித்து உதவுக" என்று அனுப்பிவிட்டுக் காத்திருப்பதே எம்மிடையே உள்ள வழக்கம். முன்னரே ஒரு சிறு கடிதம் எழுதிக் கேட்டல் இருவர் காலத்தையும் காக்கும். அது இவ்வாறு அமையலாம்:

"ஐயா, எமது தோட்டத்துத் தொழிற்சாலையிற் பெண்கள் கையாற் செய்த தண்டு பிரிக்கும் வேலையை இப்பொழுது ஒளிக்கண் பொறியொன்று செய்கின்றது. அப்பெண்களில் நால்வரோடும் பொறியை இயக்குபவரோடும் பேசியுள்ளேன். முகாமையாளரை அடுத்த வாரம் காண இருக்கிறேன். பொறி வந்தபின் அவர்கள் வாழ்வில் நேர்ந்ததை 900 சொற்களில், மாத முடிவுக்குள் எழுதித் தர இயலும். நான் அத்தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன். தங்களுக்கு இது பயன்படுமா என்பதையும் சன்மான விபரத்தையும் அறியத்தர வேண்டுகிறேன்."

இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டியதில்லை. யாது புதிது, யாரிடம் கேட்டது, எத்தனை சொல், எந்நாள், எழுதுபவர் யார் என்னும் ஐந்தும் இதில் அடங்கின.

கருவியைத் தொடவே கூடாதோ என்று வினவலாம். அவ்வாறு யாம் சொல்லோம். ஆங்கில ஏட்டுக்கு எழுத விரும்பும் பிள்ளைக்கு ஆங்கிலம் தடுமாறுமாயின், தான் எழுதிய கடிதத்தின் இலக்கணத்தைக் கருவியிற் பார்த்துக்கொள்வதில் இழுக்கில்லை. வசதியுள்ளோர் வீட்டில் தமையனிடம் கேட்பதை இவர் கருவியிடம் கேட்கிறார். ஆயின் அதனைப் பத்திராதிபரிடம் மறைத்தல் ஆகாது. காட்சியும், பேச்சும், எண்ணும், பெயரும் உமது குறிப்பேட்டிலிருந்தே வருதல் வேண்டும். அக்குறிப்பேட்டைப் பத்திராதிபர் கேட்டால் எடுத்துக்காட்ட இயலவும் வேண்டும்.

பத்திராதிபர்களுக்கும் பணிவுடன் ஒரு சொல். வேண்டாத கட்டுரைக்கு "வேண்டா" என்னும் ஒரு வரி விடையேனும் எழுதுங்கள். எமக்கு அன்று தொலைபேசியில் உண்மை சொன்ன உதவி ஆசிரியரை யாம் இன்றும் நன்றியோடு நினைக்கிறோம். நேரிற் சென்று கண்டெழுதுபவருக்கு வண்டிச் செலவாவது கொடுங்கள். ஹட்டனிலிருந்து ஒரு தோட்டத்திற்குப் போய்வர முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கும் பணமே பலருக்கு ஒரு நாட்சம்பளத்தை விழுங்கும். கண்டெழுதுபவருக்கு ஒன்றுமில்லை, இருந்த இடத்தில் கருவியால் யாப்பவருக்கும் ஒன்றுமில்லை என்றால், வறியவன் எதைத் தேர்வான்? கருவி பற்றித் தலையங்கம் தீட்டிப் பயனில்லை; உண்மைக்கு விலை கொடுத்தாலன்றி உண்மை வாராது.

அரைப்பேர் எழுதிய அம்மாணாக்கர் பின்னர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அக்கட்டுரையைக் கிழித்துப் போட்டு, ஒரு ஞாயிறு முழுதும் தம் தாயோடு அமர்ந்து பேசினார். தாயின் பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்து, ஓராண்டில் எத்தனை நாள் அரைப்பேர் விழுந்தது என்று எண்ணினார். அச்சீட்டுகளைக் கணக்கிடக் கருவியையே பயன்படுத்தினார். அது இரண்டிடத்திற் பிழையாய்க் கூட்டியதைத் தாயார் கண்டுபிடித்தார். அதனையும் சேர்த்து எழுதினார். சிற்றேடொன்று அதனை ஏற்றது. சன்மானம் பெரிதன்று. தாயார் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு மேற் படிக்காதவர். அக்கட்டுரையை மகன் உரக்கப் படிக்க, அவர் ஓரிடத்தில் இடைமறித்து, "அது பங்குனி மாசமில்லடா, சித்திரை" என்றாராம்.

திருத்தி வெளியிடுமாறு மறுநாளே அவர் அவ்வேட்டுக்கு எழுதினார். இம்மலையின் செய்தியைச் சரிபார்க்க வல்லார் இம்மலையிலேயே உளர். அவர்களிடம் கேட்டு எழுதுவாரே வேண்டும். எம் கல்லூரி அத்தகையோரைத் தருக.